சிக்கரி எவ்வளவு என்பதற்கு முந்தைய கேள்வி: ஒரே தோட்டத்துக் காப்பியும் பிரெஞ்சு பிரஸ்ஸும்

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ காப்பித்தூள் அரைத்துத் தரும் கடையில் போய் நின்றால், தராசுக்குப் பின்னால் இருப்பவர் முதலில் கேட்பது, "சிக்கரி எவ்வளவு போடட்டுங்க?" என்பதுதான். அதற்கு விடை சொன்னதும் பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, ரொபஸ்டா கலக்கலாமா என்று கேட்பார். வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு உண்டு; மாமியாரிடமிருந்து அந்தக் கணக்கை வாங்கிக்கொண்ட மருமகள் இருபது ஆண்டுகளாக மாற்றாமல் வைத்திருப்பதும் உண்டு. ஆனால் அந்தக் கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஏற்காடும் கொல்லிமலையும் வால்பாறையும் நீலகிரியும் நம்மைச் சுற்றி நிற்க, அவற்றில் விளையும் காப்பியின் தனிச்சுவை இன்னதென்று அறியாமலேயே நம்மில் பலர் நாள்தோறும் இரண்டு வேளை காப்பி குடித்துவருகிறோம். அந்தச் சுவையைப் பிரெஞ்சு பிரஸ் என்ற ஒரு கண்ணாடிக் குடுவையின் துணையோடு வீட்டிலேயே எப்படி அறிந்துகொள்வது என்பதை, இதுவரை ஃபில்டர் காப்பி மட்டுமே போட்டுப் பழகியவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

'சிங்கிள் ஆரிஜின்' என்று உறைகளில் அச்சிடப்படும் சொல்லுக்கு, ஒரே இடத்தில் விளைந்த கொட்டை என்பதே பொருள். அந்த இடம் ஒரு மலைப்பகுதியாக இருக்கலாம், ஒரு தோட்டமாக இருக்கலாம், ஒரு தோட்டத்துக்குள் ஒரு சரிவாகவும் இருக்கலாம். இடம் சுருங்கச் சுருங்கச் சுவையின் அடையாளம் தெளிவாகும். சேலத்துச் சந்தையில் குண்டு, மல்கோவா, இமாம்பசந்த் மூன்றையும் வாங்கி வந்து ஒன்றாகப் பிழிந்தால் நல்ல மாம்பழச் சாறு கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இமாம்பசந்த் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சாற்றைக் குடித்தவர் சொல்ல முடியாது. காப்பியிலும் இதுவே நிகழ்கிறது.

கலப்பதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. ஒரு தோட்டத்தின் விளைச்சல் மழையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பல இடத்துக் கொட்டைகளைக் கலப்பவரால்தான் ஆண்டு முழுவதும் ஒரே சுவையைத் தர முடியும். பாலோடு சேரும்போது தோற்றுப்போகாத கெட்டித்தன்மையை ரொபஸ்டா என்ற காப்பி வகை தருகிறது. சிக்கரியோ காப்பியே அன்று. அது வேறொரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது, அதில் கஃபீன் கிடையாது, ஆனால் டிகாக்‌ஷனுக்குக் கருநிறத்தையும் கனத்தையும் கொடுக்கும். காப்பி-சிக்கரிக் கலவை என்ற பெயரில் விற்கப்படும் தூளில் எடைக்குக் குறைந்தது 51 விழுக்காடு காப்பி இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அதாவது, பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருந்தாலும் விதி மீறப்படவில்லை. பால் காப்பிக்கு இவையெல்லாம் பொருந்தும். ஒரு மலையின் சுவையை அறிய விரும்புகிறவருக்கு மட்டும் இவை திரையாக நிற்கின்றன.

பாபா புதன் என்ற சூஃபி பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நம் பக்கத்தில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிடத் தொடங்கிவைத்தார். ஆகவே சேர்வராயன் மலைக் காப்பிக்கு ஏறத்தாழ இருநூறு வயது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொல்லிமலையின் மேட்டுப்பகுதியும் வால்பாறையும் ஆயிரம் மீட்டரை ஒட்டியும் அதைத் தாண்டியும் உள்ளவை. இன்னொரு காப்பி வகையான அராபிகா செடிக்கு இந்த உயரம் தேவை. மேலே போகப் போகக் குளிர்ச்சி கூடுவதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது. மெதுவாகப் பழுத்த பழத்தின் கொட்டை இறுகி அடர்த்தியாகிறது. இனிப்பும் பழப்புளிப்பும் அதில் நன்கு சேர்கின்றன. இங்குள்ள தோட்டங்களில் சில்வர் ஓக் போன்ற மரங்களின் நிழலில், அந்த மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளுக்கு நடுவே காப்பி வளர்வதும் பழம் அவசரமின்றிப் பழுக்கத் துணைசெய்கிறது.

செடியின் இரகமும் முக்கியம். உறையில் எஸ்.795 என்ற எண்ணை அடிக்கடி காண்பீர்கள். கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் உள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகித் தென்னிந்தியா முழுவதும் பரவிய அராபிகா இரகம் அது.

இவற்றைவிடவும் புதியவரின் நாக்குக்கு முதலில் எட்டுவது, பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்த முறையினால் வரும் வேறுபாடு. ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் தை மாதக் காலை வெயிலில் களம் நிறையக் காப்பி காய்ந்துகொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில், நெல்லைப் போல ஒரு மெல்லிய உமியோடு கொட்டைகள் பரப்பப்பட்டிருந்தன. பழுத்த பழத்தின் தோலைப் பல்ப்பர் என்ற இயந்திரத்தில் நீக்கி, கொட்டையின்மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு போக நொதிக்க வைத்துக் கழுவி, பிறகு காயவைத்தவை அவை. அந்த உமிக்குப் பார்ச்மென்ட் என்று பெயர். களத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒரு பிடி அள்ளி என் காதருகே குலுக்கி, "சலசலன்னு கேக்குதுங்களா, இது காஞ்சிருச்சுங்க" என்றார். உமியை நகத்தால் கீறியதும் உள்ளே சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் கொட்டை தெரிந்தது. மோந்து பார்த்தால் காய்ந்த புல்லின் வாசம் மட்டுமே வந்தது, காப்பியின் மணம் சிறிதும் இல்லை. அந்த மணம் முழுவதும் வறுப்பில்தான் பிறக்கிறது. களத்தின் மறுபக்கத்தில் பழங்கள் தோலோடு முழுதாகவே கறுத்துச் சுருங்கிக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் போனதும் திராட்சை வற்றலின் இனிப்பு மணம் அடித்தது. ஒரே செடியின் பழம்தான் என்றாலும், கழுவிக் காயவைத்தது கோப்பையில் தெளிவான, எலுமிச்சையை நினைவூட்டும் புளிப்போடு இருக்கும். பழமாகவே காயவைத்தது கனமாகவும், நன்கு பழுத்த பழத்தின் மணத்தோடும் இருக்கும். முதன்முறை வாங்குபவர் கழுவிய கொட்டையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. மலையின் குணம் அதில் மறைவின்றித் தெரியும்.

ஆகவே உறையை வாங்கும்போது தோட்டத்தின் பெயர், உயரம், இரகம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி ஆகியவை அச்சாகியுள்ளனவா என்று பாருங்கள். இவற்றுள் வறுத்த தேதி இல்லாத உறையை நான் வாங்குவதில்லை. 'ஏஏ' என்ற எழுத்துகள் கொட்டையின் பருமனைக் குறிப்பவை, சுவைக்கு உறுதி அளிப்பவை அல்ல. பீபெரியும் அப்படியே: வழக்கமாக இரண்டு விதை இருக்க வேண்டிய பழத்தில் ஒன்றே உருண்டு திரண்டால் அது பீபெரி, அவ்வளவுதான். வறுப்பு நடுத்தரமாகவோ அதைவிடச் சற்று இளசாகவோ இருக்க வேண்டும். எண்ணெய் கசிந்து பளபளக்கும் அளவுக்குக் கருக வறுத்துவிட்டால் ஏற்காடும் வால்பாறையும் ஒன்றுபோலவே கசக்கும். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருப்பதால், வறுத்த மறுநாளே போடாமல் ஒரு வாரம் விட்டு, அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது சரியாக இருக்கும்.

இனிக் குடுவைக்கு வருவோம். பிரெஞ்சு பிரஸ் என்பது உயரமான ஒரு கண்ணாடிக் குடுவையும், அதன் மூடியின் வழியே மேலும் கீழும் போய்வரும் ஒரு தண்டும், தண்டின் அடியில் பொருத்திய சல்லடை வட்டும்தான். அந்தத் தண்டையும் வட்டையும் சேர்த்துப் பிளஞ்சர் என்பார்கள். 1852இல் பிரான்சில் இதன் முதல் வடிவத்துக்குக் காப்புரிமை பெறப்பட்டது. குடுவையின் சுவரை ஒட்டி இறங்கும் இன்றைய வடிவத்துக்கு 1929இல் மிலான் நகரத்து அட்டிலியோ காலிமானியும், பின்னர் 1958இல் ஃபாலியேரோ பொந்தானினியும் காப்புரிமை பெற்றனர்.

நம் வீட்டு ஃபில்டருக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. ஃபில்டரில் நெருக்கி வைத்த தூளின் ஊடாக வெந்நீர் சொட்டுச் சொட்டாக வழிந்து இறங்குகிறது. தூளின் நைசும் அழுத்தமும் சேர்ந்து நீரின் வேகத்தை முடிவுசெய்ய, அடியில் கெட்டியான டிகாக்‌ஷன் சேர்கிறது. பிரெஞ்சு பிரஸ்ஸில் வழிதல் என்பதே இல்லை. எல்லாத் தூளும் எல்லா நீரிலும் ஒரே நேரம் ஊறுகிறது. ஊறி முடிந்ததும் சல்லடை தூளைத் தடுத்து நிறுத்த, சாறு மட்டும் வெளியே வருகிறது. காப்பியின் தரத்தை மதிப்பிடும் தொழில்முறைச் சுவைஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: கோப்பையில் கொரகொரப்பான தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் படலத்தைக் கரண்டியால் உடைத்து, ஆறவிட்டு உறிஞ்சுகிறார்கள். அந்தச் சோதனைக்கு மிக நெருக்கமான வீட்டுக் கருவி இது என்பதால்தான், ஒரே தோட்டத்துக் கொட்டையை முதன்முதலில் வாங்குபவருக்கு இதையே நான் சொல்கிறேன். கொட்டை நன்றாக இருந்தால் நன்மையைக் காட்டும். பழையதாக இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டிவிடும்.

ஊறும்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பிறகு எந்த அளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வறுத்த கொட்டையின் எடையில் நூற்றுக்கு முப்பது பங்குவரை நீரில் கரையக்கூடியது. முதலில் கரைவன புளிப்பும் பழவாசமும். தொடர்ந்து வருவது இனிப்பு. கடைசியில் கசப்பும் துவர்ப்பும். நூற்றுக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு பங்கு கரைந்த நிலையில் இவை ஒன்றுக்கொன்று இணக்கமாக நிற்கும். அதற்கு முன்பே நிறுத்தினால் காப்பி நீர்த்துப் புளிக்கும். அதைத் தாண்டினால் நாக்கை வறட்டும். அரவையும் நீரின் சூடும் நேரமும் இந்த ஒரே அளவைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் இருப்பவை.

அரவைதான் எல்லாவற்றிலும் பெரியது. ஃபில்டருக்கு அரைக்கும் தூள் இதற்கு ஆகாது. உப்புமாவுக்கு வாங்கும் கோதுமை ரவையைப் போல, விரலிடையில் உருட்டினால் மணி மணியாகத் தட்டுப்பட வேண்டும். நான் குடுவை வாங்கிய முதல் வாரத்தில், வீட்டிலிருந்த ஃபில்டர் தூளையே போட்டு ஊறவைத்து அழுத்தினேன். நைசான தூள் சல்லடையை அடைத்துக்கொண்டு பிளஞ்சர் பாதியில் நின்றுவிட, பலங்கொண்டு அழுத்தியதில் விளிம்பின் வழியே கொதிநீர் பீறிட்டுப் புறங்கையில் பட்டுக் கொப்பளித்தது. பிளஞ்சர் இறங்க மறுத்தால் ஒருபோதும் பலத்தைக் காட்டாதீர்கள். சற்று மேலே தூக்கி, பிறகு மெதுவாக இறக்குங்கள். மிக்ஸியில் அரைப்பதும் சரிவராது. அதன் கத்தி கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால் மாவும் நொய்யும் முழுக்கொட்டைத் துண்டும் கலந்து வரும். மாவு கசப்பைத் தர, துண்டு புளிப்பைத் தர, இரண்டும் ஒரே கோப்பையில் சேரும். கையால் சுற்றும் சிறிய காப்பி அரவை இயந்திரம் ஒன்று வாங்குவது நல்லது. இல்லாவிட்டால், கொட்டையை வாங்கும் கடையிலேயே பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு என்று சொல்லிக் கொரகொரப்பாக அரைத்து, சிறிய உறையாக வாங்கி, பத்து நாளில் முடித்துவிடுங்கள்.

கோப்பையில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், கொங்குநாட்டில் இருப்பவர் தண்ணீரைப் பற்றித் தனியே யோசித்தாக வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவருக்குக் கவலையில்லை. வடிகட்டி அப்படியே பயன்படுத்தலாம். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் போர்த் தண்ணீரில் பருப்பு வேக மறுப்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்றாக அறிவார்கள். பருப்பை வேகவிடாத அதே உப்புகள்தான் காப்பியின் நயமான புளிப்பையும் அடித்துப்போட்டுக் கோப்பையைச் சப்பென்று ஆக்குகின்றன. அதற்காக ஆர்ஓ தண்ணீருக்குத் தாவினால் வேறொரு குறை வரும்: சுவையைக் கொட்டையிலிருந்து இழுத்து வருவதில் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் பங்கு உண்டு, ஆர்ஓ இரண்டையும் எடுத்துவிடுகிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது காப்பிக்கு உகந்தது. உங்கள் போர்த் தண்ணீர் 600 காட்டி, ஆர்ஓ தண்ணீர் 30 காட்டினால், போர்த் தண்ணீர் ஒரு பங்கும் ஆர்ஓ தண்ணீர் நான்கு பங்கும் கலந்தால் ஏறத்தாழ 144 வரும். ஆர்ஓ பழுதுபார்க்க வருபவரிடம் இந்த அளவைக் காட்டும் சிறிய மீட்டர் இருக்கும். ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் போர்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருந்தால் மட்டுமே இப்படிக் கலக்க வேண்டும்.

நீரின் சூடு 92 முதல் 96 டிகிரி வரை இருக்கலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதைப் பின்பற்ற நமக்கு வெப்பமானி வேண்டியதில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டரை ஒட்டி இருப்பதால் இங்கே தண்ணீர் 98 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து ஊற்றலாம். ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், உதகையில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. அங்கே இருப்பவர்கள் கொதி அடங்குமுன் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காப்பி புளித்து நிற்கும்.

இப்போது போட்டுப் பார்க்கலாம். 350 மில்லி குடுவைக்கு 300 மில்லி நீரும் 20 கிராம் தூளும் சரியான தொடக்கம். தூள் ஒன்றுக்கு நீர் பதினைந்து என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தராசு இல்லாதவர் தலைதட்டிய மேசைக்கரண்டி நான்கு போடலாம். முதலில் குடுவையை வெந்நீரால் அலசிச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடி ஊற்றிய நீரின் சூட்டைத் திருடிக்கொள்ளும். தூளைப் போட்டு, எல்லாத் தூளும் நனையும்படி நீரைச் சுற்றி ஊற்றி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுக்கொட்டை என்றால் தூள் உப்பி எழுந்து, சாம்பலும் பொன்னும் கலந்த நிறத்தில் நுரைக் குமிழிகள் வெடித்து வெடித்து அடங்கும். உள்ளே அடைந்திருந்த வாயு வெளியேறுவது அது. நுரையே எழாவிட்டால் கொட்டை பழையது. மூடியைச் சும்மா வைத்துவிட்டு நான்கு நிமிடம் கையை வைக்காமல் இருங்கள்.

நான்காவது நிமிடத்தில் மூடியைத் திறந்தால், மேலே தூள் ஒரு தடித்த ஆடையாக மிதக்கும். கரண்டியின் முதுகால் அதை மூன்றுமுறை மெதுவாகத் தள்ளிவிடுங்கள். ஆடை உடையும்போது எழும் ஆவியில்தான் அந்தத் தோட்டத்தின் மணம் முதலில் வருகிறது, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். உடைந்த தூளில் பெரும்பகுதி தானாகவே அடியில் தங்கிவிடும். மேலே எஞ்சும் நுரையை வழித்து எடுத்துவிட்டு, இன்னும் நான்கு நிமிடம் விட்டுவிடுங்கள். மொத்தம் எட்டு நிமிடம் ஊறினால் கசக்காதா என்று கேட்பீர்கள். கொரகொரப்பான தூளாக இருந்தால் கசக்காது. நீரில் சாறு சேரச் சேர மேற்கொண்டு கரைவது மெதுவாகிவிடும், சூடும் இறங்கிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் நுண்தூளும் படிந்துவிடுவதால் கோப்பையின் அடியில் சேறு குறைகிறது. பிறகு பிளஞ்சரை அடிவரை இடித்து அழுத்தாமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சல்லடை நிற்கும் அளவுக்கு இறக்கி, குடுவையை மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிவிட வேண்டும். கடைசி ஒரு வாய் அளவை மட்டும் குடுவையிலேயே விட்டுவிடலாம், அதில் மண்டிதான் இருக்கும்.

முதல் முறை பால் சேர்க்காதீர்கள், நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம். கவுந்தப்பாடிச் சர்க்கரைக்கு அதற்கே உரிய மணம் ஒன்று உண்டு, அது காப்பியை மூடிவிடும். என் அம்முச்சியிடம் ஒரு டம்ளரில் இதைக் கொடுத்தபோது, "வரக்காப்பியாஞ் சாமி?" என்று கேட்டுவிட்டு வாங்கி ஓரமாக வைத்தார், பேச்சு மும்முரத்தில் அது ஆறிப்போனது. ஆறிய பிறகு ஒரு மிடறு குடித்தவர், "இதுல நாரத்தங்கா வாசம் வருதே" என்றார். சரியாகச் சொன்னார், சூடாக இருக்கையில் நாக்குக்குப் பிடிபடாத பல சுவைகள் வெதுவெதுப்பில்தான் வெளிவரும். ஆகவே கால்வாசியைக் கட்டாயம் ஆறவிட்டுக் குடியுங்கள்.

நீர்த்துப் புளித்தால் அடுத்தமுறை அரவையைச் சற்று நைசாக்குங்கள். வாய் வறண்டு கசந்தால் இன்னும் கொரகொரப்பாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது உதவியது என்று தெரியாது.

உடல்நலத்தைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்பியின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் இரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்தக்கூடியது. காகித வடிகட்டி அதைத் தடுத்துவிடும், உலோகச் சல்லடை விட்டுவிடும். கொழுப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் நாள்தோறும் பல கோப்பை குடிக்காமல், மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அதே எண்ணெய்தான் குடுவையைச் சரியாகக் கழுவாவிட்டால் சிக்கெடுத்து அடுத்த காப்பியைக் கெடுக்கும். பிளஞ்சரின் அடிவட்டைத் திருகிக் கழற்றி, சல்லடையைத் தனியே எடுத்துத் தேய்த்துக் காயவையுங்கள். தூளைக் கழுவுதொட்டியில் கொட்டாமல் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுங்கள்.

250 கிராம் உறை ஒன்றில் இப்படிப் பன்னிரண்டு முறை போடலாம். இரண்டாவது உறை வாங்கும்போது வேறொரு மலையினுடையதாக வாங்குங்கள். நம் மலைகளில் அராபிகா அறுவடை பெரும்பாலும் கார்த்திகையில் சூடுபிடித்துத் தை வரை நடந்து, காய்ந்து, உமி நீங்கித் தரம் பிரிந்து வறுப்பவர் கைக்கு வரக் கோடை ஆகிவிடும். சித்திரை வைகாசியில் புதுவிளைச்சல் வந்துவிட்டதா என்று கடையில் கேட்டு, ஏற்காட்டுக் கொட்டையில் சிறு உறை ஒன்றும் நீலகிரிக் கொட்டையில் ஒன்றும் வாங்கி வாருங்கள். ஒரே தண்ணீர், ஒரே அளவு, ஒரே நேரம் வைத்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டு டம்ளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறி ஒவ்வொரு மிடறாகக் குடியுங்கள்.